கயிறும் கட்டளையும்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்த நாளில், மூழ்குவோனின் உயிர் தோணியில் கயிறு பிடித்திருப்போன் கையில் இருந்தது. மேலிருந்து கூவினால் கீழே கேளாது. மூழ்கியவனே கயிற்றை அசைத்துச் செய்தி தருவான். 1961 ஆம் ஆண்டோடு அக்குளிப்பு நின்றது. ஆயினும் அதன் பாடம் நிற்கவில்லை.

தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் கண் பரிசோதனை நிலையங்களையும், கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகக் குழுவினர் நெடுந்தொலை வைஃபை வாயிலாக இணைத்தனர். சிற்றூரில் அமர்ந்திருக்கும் நோயாளியை, தேனி மருத்துவர் திரையில் கண்டு வினவினார்.

இக்கருவிகளைத் தொலைவிலிருந்து எவ்வாறு பேணுவது? வெளியிலிருந்து அவற்றை நேரே அழைக்க வழியில்லை. ஆதலால் உள்ளிருந்தே வெளிக் கணிப்பொறிக்கு ஒரு மறையாக்கத் தொடர்பை ஏற்படுத்தினர். அதன் வழியே பொறியாளர் திரும்ப உட்சென்றார். மூழ்கியவன் அசைக்கும் கயிறு இதுவே அன்றோ? இப்பட்டறிவை அக்குழுவினர் 2008 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர்.

அத்தகைய மெல்லிய தொடர்பில் படங்கள் நிறைந்த திரை எளிதில் வந்து சேராது. எழுத்தால் தட்டச்சிடும் கட்டளையோ சில எழுத்துகளில் அடங்கிவிடும். மாணவன் கணக்கின் படிகளை எழுதிக் காட்டுவதுபோல, செய்தது அனைத்தும் வரிவரியாக நிற்கும். பிழை எவ்வரியில் என்று காணலாம். ஒரே கட்டளையைப் பத்துக் கருவிகளுக்கும் வழங்கலாம்.

ஆனால் எழுத்து சுருங்கியதால் பொறுப்பு சுருங்குவதில்லை. இரு முனைகளும் ஒரே அலைவரிசையில் இருந்தால்தான் உரையாடும். பொறியாளர் தம் அருகிலுள்ள முனையை முதலில் மாற்றிவிட்டால், தொலைமுனை பழைய அலைவரிசையிலேயே தங்கிவிடும், தொடர்பு அறும். பின்னர் ஒருவர் அவ்வூருக்கே சென்று சீர் செய்ய வேண்டும். அதுவரை மருத்துவரைக் காண வந்த மூதாட்டி காத்திருப்பார், அல்லது திரும்பிச் செல்வார்.

ஆகவே இரண்டு நெறிகளை மனத்திற் கொள்ளுக. முதலாவது, தொலைமுனையை முன்னும் அருகுமுனையைப் பின்னும் மாற்றுக. இரண்டாவது, மாற்றத்தை உடனே சேமித்து வைக்காது, பத்து நிமிடத்தில் கருவி தானே மறுதொடக்கம் பெறுமாறு முன்கூட்டியே கட்டளையிடுக. தொடர்பு அறுந்தால், சேமிக்காத மாற்றம் மறைந்து பழைய நிலை திரும்பும். தொடர்பு நிலைத்தால், அக்கட்டளையை நீக்கி, மாற்றத்தைச் சேமிக்கலாம்.

மூழ்குமுன் கயிற்றை இழுத்துப் பார்ப்பது அச்சத்தின் அறிகுறி அன்று. தொழில் தெரிந்தவனின் இலக்கணம்.