வீதியில் ஓட்டமும் இயந்திரத்தில் ஓட்டமும்

நாற்பது வயதைக் கடந்த ஒருவரை வைத்தியர் பரிசோதிக்கிறார். இரத்த அழுத்தம் சற்றே உயர்ந்திருக்கிறது, வயிறும் பருத்திருக்கிறது. நாள்தோறும் தேகப்பயிற்சி செய்யுமாறு சொல்லி அனுப்புகிறார். வீடு திரும்பியவருக்கு ஓர் ஐயம் எழுகிறது. விடியற்காலையில் வீதியில் இறங்கி ஓடுவதா? அன்றி, உடற்பயிற்சி நிலையத்து இயந்திரங்களை நாடுவதா? எது கூடிய பலன் தரும்? ஐயம் தீருமுன்னே மாதம் ஒன்று கழிந்துவிடுகிறது.

உடலுழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் ஜெரமி மொறிஸ் என்னும் பிரித்தானிய வைத்தியர். 1953ஆம் ஆண்டில் அவரும் அவருடைய சகாக்களும் இலண்டன் பஸ் ஊழியரைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை வெளியிட்டனர். சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருப்பவர். நடத்துனரோ பிரயாணச்சீட்டுக் கொடுப்பதற்காக இரட்டைத்தட்டு வண்டியில் நாளொன்றுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குபவர். இருதயநோய் சாரதிகளிடமே மிகுதியாகக் காணப்பட்டது. சாரதிகள் வேலையிற் சேரும்போதே பருமனாயிருந்தனர் என்பது 1956இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. எனினும், பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் உழைப்பின் நன்மையை உறுதிசெய்தன. நடத்துனர் ஓட்டப்பந்தய வீரருமல்லர், இயந்திரத்தில் பயின்றவருமல்லர். நாள் தவறாமல் அசைந்தார், அவ்வளவே.

டிரெட்மில் என்ற பெயர் முதலில் சிறைச்சாலைக்கு உரியதாயிருந்தது. 1818ஆம் ஆண்டளவில் வில்லியம் கியூபிற் என்னும் பொறியியலாளர் கைதிகள் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தை இங்கிலாந்தில் அமைத்தார். அந்தத் தண்டனை பின்னர் ஒழிந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க இருதய வைத்தியர் றொபேட் புறூஸ், ஓடுபட்டையின் வேகத்தையும் சரிவையும் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டி, இருதயத்தின் வலிமையைச் சோதிக்கும் முறையை வெளியிட்டார். அம்முறை இன்றும் வைத்தியசாலைகளிற் கையாளப்படுகிறது. உழைப்பை அளந்து கொடுக்கக்கூடியதாயிருப்பதே இயந்திரத்தின் முதற் சிறப்பாகும்.

வீதியில் ஓடுபவர் எதிர்க்காற்றையும் தள்ளிச் செல்லவேண்டும். இயந்திரத்தில் அந்தத் தடை இல்லை. ஆகையால், விரைந்து ஓடுபவர் ஓடுபட்டையை நூற்றுக்கு ஒரு பங்கு உயர்த்தினால் இரண்டும் ஏறத்தாழச் சமமாகும் என்று 1996இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கைப்பிடியிற் சாய்ந்துகொண்டு நடப்பவர் உழைப்பின் ஒரு பங்கை இழக்கிறார். இயந்திரம் காட்டும் கலோரிக் கணக்கும் மதிப்பீடேயன்றி முடிந்த முடிபன்று.

மறுபுறத்தில், ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலிற் தாக்குகிறது. எலும்பை வலுப்படுத்தும் அதே விசை, பருத்த உடலினருக்கும் முழங்கால் நோவுடையோருக்கும் இடராகலாம். அத்தகையோர்க்கு நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளும், பாதம் மிதிகட்டையை விட்டு எழாத எலிப்டிக்கல் இயந்திரமும் ஏற்றவை. மழையும் கடும் வெயிலும் அவற்றைத் தடுப்பதில்லை. வீதி ஓட்டத்துக்கோ மாதச் சந்தா வேண்டியதில்லை. நல்ல சப்பாத்து ஒரு சோடி போதும்.

இருதயத்துக்கு வேண்டியது உழைப்பின் அளவு. அது வீதியில் நிகழ்ந்ததா, அறைக்குள் நிகழ்ந்ததா என்பது அதற்குப் பொருட்டன்று. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான பயிற்சி வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துரைத்தது. இதனை அறியக் கருவி வேண்டியதில்லை. பேச முடியும், பாட முடியாது என்ற நிலை மிதமானது. சில சொற்களுக்குமேல் மூச்சு வாங்காமற் பேச முடியாவிடின் அது கடுமையானது. நெஞ்சுநோவோ தலைச்சுற்றோ தோன்றினால் உடனே நிறுத்தி வைத்தியரை நாடவேண்டும். இருதயநோய் உள்ளவர்கள் தொடங்குமுன்னரே அவரது ஆலோசனையைப் பெறுவது நன்று.

மூன்றாம் மாதமே துணி உலர்த்தும் கொடியாகிவிட்ட இயந்திரத்தாலும் பயனில்லை. முதல்நாளே மிதமிஞ்சி ஓடிக் கால் வீங்கியவர் மூலையிற் போட்ட சப்பாத்தாலும் பயனில்லை. அடுத்த ஆண்டும் இதே நாளில் எதனைச் செய்துகொண்டிருக்க முடியுமோ, அதுவே ஒருவருக்குச் சிறந்த பயிற்சி. வைத்தியரிடமிருந்து திரும்பியவர் தெரிவைப் பின்னர் செய்துகொள்ளலாம். நாளைக் காலை அரைமணி நேரம் விரைந்து நடப்பதற்கு எந்த முடிவும் தேவையில்லை.