முன்னால் நிற்கும் இரண்டெழுத்து

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பெட்ரோல் லாரியின் பின்புறம் 'ஹைலி இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'இன்' வந்தால் எதிர்ச்சொல் என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் இதை 'தீப்பற்றாதது' என்றுதான் புரிந்துகொள்வார். உண்மைப் பொருளோ 'எளிதில் தீப்பற்றக்கூடியது'. லத்தீனில் 'இன்' என்பதற்கு 'அல்லாத' என்றும் 'உள்ளே' என்றும் இரு பொருள் உண்டு. இங்கே இருப்பது இரண்டாவது. இந்தக் குழப்பம் உயிருக்கே ஆபத்து என்பதால், 1920-களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃபிளேமபிள்' என்று எழுத வலியுறுத்தியது. ஆக, முன்னொட்டு என்பது வெறும் ஒரு மதிப்பெண் வினா அல்ல.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் கடினம்? தமிழில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் இறுதியில் வருகிறது: முடியும் – முடியாது. அதனால் அவர்கள் சொல்லின் கடைசியையே கவனிக்கிறார்கள். ஆனால் நீதி – அநீதி, சுத்தம் – அசுத்தம் என வடமொழி வழி வந்த சொற்களை அவர்கள் அறிவார்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

அடுத்து, 'இன்' ஏன் 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' என்று மாறுகிறது? செம்மை என்பது செங்கதிர், செந்தாமரை, செம்பவளம் என்று வரும் எழுத்துக்கேற்ப மாறுவதைப் போலத்தான். புணர்ச்சி படித்த மாணவருக்கு இதைத் தனி விதியாகச் சொல்லவே வேண்டாம்.

'அன்' என்பதிலும் கவனம் தேவை. பெயரடையோடு சேர்ந்தால் 'அல்லாத': 'அன்ஹேப்பி'. வினைச்சொல்லோடு சேர்ந்தால் செய்ததை மாற்றிச் செய்வது: 'அன்டை' என்றால் கட்டாமல் இருப்பதல்ல, கட்டியதை அவிழ்ப்பது.

எழுத்துப்பிழையும் குறையும். 'டிஸ்' உடன் 'அப்பியர்' சேர்வதால் 'டிஸ்அப்பியர்' சொல்லில் ஒரே 'எஸ்'. 'மிஸ்' உடன் 'ஸ்பெல்' சேர்வதால் 'மிஸ்ஸ்பெல்' சொல்லில் இரண்டு 'எஸ்'.

வகுப்பில் மூன்று கேள்விகள் போதும். முன்னொட்டை விரலால் மறைத்தால் மீதி ஒரு சொல்லா? 'அங்கிள்' இங்கேயே விலகிவிடும். முன்னொட்டின் பொருளும் மீதியின் பொருளும் சேர்ந்தால் முழுச்சொல்லின் பொருள் கிடைக்கிறதா? 'இமேஜ்' என்பதில் 'ஐஎம்' எழுத்துகளை மறைத்தால் 'ஏஜ்' மிஞ்சும். ஆனால் அதற்கு வயதோடு தொடர்பில்லை. கடைசியாக, வாக்கியத்தில் அந்தப் பொருள் பொருந்துகிறதா? பெட்ரோல் லாரியில் 'தீப்பற்றாதது' என்று ஏன் எழுத வேண்டும் என்று மாணவரே கேட்டுக்கொள்வார்.

பட்டியலை ஒப்புவிக்கும் மாணவரைவிட, இந்த மூன்று கேள்விகளையும் கேட்கப் பழகியவர் புதிய சொல்லைக் கண்டு தயங்கமாட்டார். நாளைய பாடத்தில் வரும் ஐந்து சொற்களோடு தொடங்குங்கள்.