ஒளுச் செய்யுமிடத்தில் சென்சார் குழாய் வேண்டுமா?

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ச் சகோதரர் ஒருவர், பள்ளிவாசலில் ஒளுச் செய்யுமிடத்தில் உள்ள குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டு, கை நீட்டினால் தானாகத் தண்ணீர் வரும் சென்சார் குழாய்களைப் போட்டுத் தருகிறேன் என்கிறார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. சரி சொல்வதற்கு முன், நாங்கள் விசாரித்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு தண்ணீரில் ஒளுச் செய்தார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கும் அளவு அது. நாம் எவ்வளவு செலவழிக்கிறோம்? குழாய்க்கடியில் ஒரு வாளியை வைத்து ஒளுச் செய்து பாருங்கள். தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வைப்பாற்றங்கரையில் இருந்துகொண்டு கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல.

சென்சார் குழாயில் அந்த விரயம் குறையும். கையை எடுத்தால் தண்ணீர் நின்றுவிடும். விரல் மடங்காத முதியவர்களுக்கும், ஒரு கை வராதவர்களுக்கும் திருகுகிற சிரமம் இல்லை. பலர் தொட்ட பிடியைத் தொடவும் வேண்டாம்.

ஆனால் நம்மூர் போர் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் குழாய் முனையிலேயே வெள்ளையாக உப்புப் படிகிறது. சென்சார் குழாயில் கையைக் கண்டுபிடிக்கும் சின்னக் கண்ணில் அது படிந்தால், ஆள் கையை ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். உள்ளே இருக்கும் வால்வில் உப்போ மணலோ அடைத்தால் சரியாக மூடாது. ராத்திரி முழுக்க ஒழுகும். மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போய்விடும். கரண்ட் அல்லது பேட்டரி வேறு வேண்டும். குழாயை அவர் தருவார்; பேட்டரியும் வால்வும் வருடா வருடம் ஜமாஅத் கணக்கில்தான்.

தொடாத குழாய் என்றால் சுத்தம் என்றும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சோதித்தபோது, சென்சார் குழாய்களில் எடுத்த தண்ணீர் மாதிரிகளில் பாதியில் லெஜியோனெல்லா கிருமி இருந்தது. சாதாரணக் குழாய்களில் 15 சதவீதம்தான். வால்வின் நுணுக்கமான பாகங்களில் கிருமி தங்கிவிடுகிறது என்று 2011-இல் அவர்கள் அறிவித்தார்கள். நமக்குப் பயம் வேண்டாம். பாகங்களைக் கழற்றிக் கழுவ ஆள் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

எங்கள் யோசனை இது. உட்கார்ந்து ஒளுச் செய்யும் முதியவர்கள் பக்கம் 2 சென்சார் குழாய் போதும். மற்ற இடங்களில், அழுத்தினால் சிறிது நேரம் ஓடித் தானே நிற்கும் குழாய் போடலாம். அதற்குக் கரண்ட் வேண்டாம். நம்மூர் பிளம்பரே பிரித்துச் சரிசெய்வார். மீதிப் பணத்தில் மேல்தொட்டிக்கு ஒரு ஃபில்டர் வைத்துத் தரும்படி அந்தச் சகோதரரிடம் கேட்கலாம் என்றிருக்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த ஜும்ஆவுக்குள் எங்களிடம் சொல்லுங்கள். பாங்கு சொல்லும் மோதினாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம். குழாய் ஒழுகினால் முதலில் ஓடி வருபவர் அவர்தானே.

வஸ்ஸலாம்.