இனத்தைப் பற்றி மேடையிலும் பேசுவோம்

(தமிழ்க் கலந்துரையாடலில் ஆற்றிய உரை)



தேர்தல் வந்தால் கோப்பிக்கடையில நாம மெதுவா கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: “நம்ம ஆளு தனியா நின்னா, சீனர்கள் ஓட்டுப் போடுவாங்களா?” வீட்டிலும் கேட்கிறோம். மேடையில் கேட்கத் தயங்குகிறோம். இன்று கேட்போம்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3%, மலாய்க்காரர்கள் 13.5%, இந்தியர்கள் 9%. சிறுபான்மையினர் நாடாளுமன்றத்தில் இல்லாமல் போய்விடக்கூடாது என்றுதான் 1988-இல் குழுத்தொகுதி முறை வந்தது. ஒவ்வோர் அணியிலும் ஒருவராவது சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பு உண்மையானது.

அதற்கு விலையும் உண்டு. 2025 பொதுத்தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு வைப்புத்தொகை 13,500 வெள்ளி. ஐவர் அணிக்கு 67,500 வெள்ளி! சின்னக் கட்சி என்ன செய்யும்? இன்னொரு விலை, “அணி ஜெயிச்சது, அதனால உள்ள வந்தார்” என்ற பேச்சு. திறமையுள்ள எத்தனை பேர் இந்தச் சொல்லைச் சுமக்கிறார்கள்!

இப்போ மறுபக்கம் பாருங்க. 1981-இல் ஆன்சன் இடைத்தேர்தலில் ஜே.பி. ஜெயரத்னம் தனியாக நின்று வென்றார். 2016-இல் புக்கிட் பாத்தோக் தனித்தொகுதியில் முரளி பிள்ளை 61.2% பெற்றார். 2023 அதிபர் தேர்தலில் இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து தர்மன் சண்முகரத்னம் 70.4% பெற்றார்.

“அப்போ பிரச்சினை தீர்ந்துச்சே?” என்று கேட்கலாம். அவசரப்படாதீங்க. தர்மன் பல ஆண்டு அமைச்சராக இருந்து நாடே அறிந்தவர். பெயர் தெரியாத ஒரு புதுமுகத்துக்கும் அதே வாய்ப்புக் கிடைக்குமா? பேசாமல் இருந்தால் இதற்கு விடை தெரியாது. ஊகம்தான் மிஞ்சும், அந்த ஊகத்தை வைத்தே கட்சிகள் வேட்பாளரை நிறுத்தும்.

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள். வீட்டுக்கு வரும் வேட்பாளரிடம், எங்கள் கட்சியானாலும் சரி, “சிறுபான்மையினரைத் தனித்தொகுதியில நிறுத்துவீங்களா?” என்று கேளுங்க. பக்கத்து வீட்டுச் சீன நண்பரிடமும் மலாய் நண்பரிடமும் இதைப் பேசுங்க. அவர்கள் சொல்வது பிடிக்காவிட்டாலும் முழுசா கேளுங்க.

இன்னொரு இனத்தைத் தாழ்த்தி ஓட்டுக் கேட்பவர் யாரானாலும், நம்மவரே ஆனாலும், அவருக்கு நம் ஓட்டு வேண்டாம்.



உங்கள் தொகுதி அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வாசிக்கிறோம்.