சும்மா கிடக்கிற இடம்

(நம் சங்கத்தின் ஐப்பசி மாதப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழைக்காலத்தில் பறவையும் காளானும் பார்க்கப் போவது பற்றிப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். பேசிவிட்டு, இன்றைய நிகழ்ச்சி நிரலில் நாலாவதாக இருக்கும் விஷயத்துக்கும் வருகிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

மேல்நாட்டில் இலை உதிரும் காலத்தில் காட்டுப் பாதையில் நடந்து பறவையும் காளானும் பார்ப்பது ஒரு வழக்கம். நமக்கு அந்தக் காலம் ஐப்பசியும் கார்த்திகையும். பழந்தமிழில் இதற்குக் கூதிர் என்று பெயர். இலை உதிராது, மழைதான் கொட்டும்.

மரக்காணத்தில் மழை வந்தால் உப்பு வேலை நின்றுவிடும். பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும். அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது விடுமுறை இல்லை, கூலி இல்லாத மாதங்கள். அதனால்தான் அவர்களுடைய குடும்பங்களுக்கு அரசு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் கொடுக்கிறது. ஈ.சி.ஆரில் காரில் போகிறவர்களுக்கோ அளம் சும்மா கிடப்பதுபோல் தெரியும்.

வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் பாருங்கள். மங்கோலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்த பறவைகள் அந்தச் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும். கொசு உள்ளான் ஒன்றின் எடை 25 கிராம் அளவுதான். வடதுருவத்தை ஒட்டிய பகுதியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பட்டாணி உப்புக்கொத்திக்குக் குட்டை அலகு. ஓடும், நிற்கும், சேற்றின் மேலே தெரியும் பூச்சியைக் கொத்தும். நெடுங்கால் உள்ளானுக்குச் சிவந்த நீளக் கால்கள், அதனால் கொஞ்சம் ஆழமான தண்ணீரிலும் நடக்கும். பெரிய கோட்டானுக்கு அரிவாள்போல் வளைந்த நீள அலகு. அதைச் சேற்றுக்குள் ஆழமாக விட்டுப் புழுவையும் நண்டையும் எடுக்கும். (கோட்டான் என்றதும் ஆந்தை என்று நினைக்க வேண்டாம், இது வேறு.) ஒரே பாத்தியில் நாலு பறவை மேய்ந்தாலும் ஒன்றின் சாப்பாட்டுக்கு இன்னொன்று அதிகம் போட்டியிடுவதில்லை.

அளத்தை ஒட்டியே கழுவெளி. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். மழையில் நன்னீர் வந்து நிரம்பும், கழிமுகம் வழியாகக் கடலோடு சேரும், கோடையில் பெரும்பகுதி வற்றிவிடும். வற்றிய நாளில் பார்த்தால் இதுவும் சும்மா கிடக்கிற இடம்தான். 2021 டிசம்பரில் இதில் 5,151 ஹெக்டேரை, அதாவது சுமார் 12,700 ஏக்கரை, அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தண்ணீர் ஆழமாக இருக்கும்போது ஊசிவால் வாத்து வரும். வடிய வடிய உள்ளான்களும் பூநாரையும் இறங்கும்.

இனி காளான். அதைப் பார்க்க நல்ல இடம் புதுச்சேரி போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காடு. சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாமல் விட்டதால் நம் கடற்கரையின் பழைய காட்டில் ஒரு துண்டு அங்கே மிஞ்சியிருக்கிறது. நாம் காளான் என்று பார்ப்பது, மரத்துக்கு மாங்காய்போல, ஒரு காய்ப்பு மட்டுமே. உடம்பு முழுவதும் நூல் நூலாக மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் இருக்கிறது. விழுந்த மரத்தையும் சருகையும் மக்க வைத்து மண்ணாக்குவது அந்த நூல்தான். புற்றுக்காளான் கதை இன்னும் சுவாரசியம். கரையான்கள் மென்ற சருகைப் புற்றுக்குள் அடுக்கி, அதில் இந்தக் காளானை வளர்த்துச் சாப்பிடுகின்றன. நல்ல மழைக்குப் பிறகு அது வெளியே குடை விரிக்கிறது.

பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காளானைப் பாருங்கள், படம் எடுங்கள், பறித்துச் சமைக்காதீர்கள். பூச்சி தின்றிருந்தால் நல்லது, மஞ்சளோ வெள்ளிக் கரண்டியோ போட்டுக் கறுக்காவிட்டால் நல்லது என்பதெல்லாம் நம்பத் தக்கதல்ல. புல்தரையில் முளைக்கும் ஒரு பெரிய வெள்ளைக் குடை, சாப்பிடும் காளான் மாதிரியே இருக்கும். முதிர்ந்தால் அடிப்பக்க மடிப்புகள் பச்சையாகும். சாப்பிட்டால் கடுமையான வாந்தி, பேதி. சில கொடிய வகைகளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி வந்து, குணமானதுபோல் தோன்றி, அதற்குப் பின் கல்லீரல் கெடும். வேக வைத்தாலும் அந்த விஷம் போகாது. யாராவது சாப்பிட்டுவிட்டால் 108க்கு அழையுங்கள். மிச்சக் காளானையும் கையோடு கொண்டு போங்கள்.

இப்போது நாலாவது விஷயம். நம் நகருக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கட்டட இடிபாடுகளைக் கொட்டி மேடாக்கி வண்டி நிறுத்தலாம் என்பது தீர்மானம். "சும்மாதானே கிடக்கிறது" என்று அதில் காரணம் எழுதியிருக்கிறார்கள். கொசு, பாம்பு பற்றிய கவலையும், வண்டிக்கு இடமில்லாத சிரமமும் எனக்கும் தெரியும்.

நான் வங்கியில் இருந்தவன். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத சேமிப்புக் கணக்கைச் செயல்படாத கணக்கு என்போம். ஆனால் அதிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பள்ளமும் அப்படித்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் தெருத் தண்ணீர் அன்று எங்கே போய் நின்றது? அந்தப் பள்ளத்தில்தான். அதை மேடாக்கினால் அடுத்த புயலில் அந்தத் தண்ணீர் நிற்கப்போவது நம் வரவேற்பறையில். கொசுவுக்கு வழி, அங்கே குப்பை போடாமல் இருப்பதும் நீர் வரும் கால்வாயைத் தூர்வாருவதும். வண்டிகளுக்கு வடக்குத் தெருவின் மேட்டு மனையை உரிமையாளரிடம் வாடகைக்குக் கேட்கலாம்.

அதனால் தீர்மானத்தை ஒரு மழைக்காலத்துக்குத் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் நாம் ஒரு கணக்கு எழுதுவோம். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு இருபது நிமிடம் பள்ளத்தின் கரையில் நின்று, தண்ணீர் எத்தனை அடி, என்ன பறவை, எத்தனை என்று ஒரு நோட்டில் குறிப்போம். எதுவும் வராத நாளில் "இல்லை" என்றும் எழுத வேண்டும், அதுவும் கணக்குதான். பறவை அறிஞர் சாலிம் அலியின் பிறந்த நாளான நவம்பர் 12ஐ ஒட்டிய ஞாயிறன்று அளத்துக்கும் போவோம். குடை, தொப்பி, இருந்தால் பைனாகுலர் போதும். பாத்தி வரப்பில் மட்டும் யாரும் ஏறக் கூடாது, அது தொழிலாளர்கள் மிதித்துக் கட்டியது.

தை மாதக் கூட்டத்தில் அந்த நோட்டை மேசையில் வைக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.