கண்டிக் கொலுமண்டபம்

கண்டி மாநகர் சென்று ஒரு பகலேனும் அரச மாளிகையைச் சுற்றிப் பார்ப்போர், மகுல் மடுவ என்னும் கொலுமண்டபத்திலே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். 1783இல் இதனை எழுப்பத் தொடங்கியவன், நாயக்கர் மரபினனாகிய இராஜாதி ராஜசிங்கன். 1815 மார்ச் 2ஆம் நாள், கண்டியரசை ஆங்கிலேயருக்கு ஒப்புவித்த உடன்படிக்கை வாசிக்கப்பட்டதும் இங்கேதான்.

இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832இல் ஆங்கே உயிர் நீத்தான். இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட அவனது சிம்மாசனம் 1934இல் தாயகம் மீண்டது. இன்று அது கொழும்பு நூதனசாலையில் உள்ளது. மன்னன் மீளவேயில்லை.

மரத்தூண்களின் செதுக்கு வேலையை வியந்து திரும்புவது மட்டும் போதாது. மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே மூண்ட பகையே மாற்றாருக்கு வழி திறந்தது. மலையரண் காத்த நாட்டை மனப்பிளவு காக்கவில்லை. இதனை உணர்ந்து மீள்வோரே அம்மண்டபத்தை முழுமையாகக் கண்டவராவர்.