மருந்துக்குச் சாகாத கிருமி

(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். நீட்டிப் பேசமாட்டேன். தண்ணியைப் பற்றி ஒரு விசயம் மட்டும் சொல்கிறேன்.

எனது ஊர் ஊர்காவற்றுறைப் பக்கம் புளியங்கூடல். அங்கே ஆறும் இல்லை, மலையும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணிதான் கிணற்றில் ஊறும். மலசலகூடக் குழி கிட்ட இருந்தால், கல்வெடிப்பு வழியே அந்த அழுக்கும் கிணற்றுக்கு வந்துவிடும். பார்வைக்குத் தண்ணி கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். இங்கே நமது பீலித் தண்ணியும் அப்படித்தான். மேல் லயத்து மலசலகூடம் உடைந்தால் கீழ் லயத்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம்.

இதில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. டாக்டர் 5 நாளைக்குத் தந்த அன்டிபயோட்டிக் மருந்தை, காய்ச்சல் விட்டதும் 2 நாளில் நிறுத்துகிறோம். மிச்சத்தை டப்பாவில் வைத்து, அடுத்த பிள்ளைக்கு வயிற்றால் போனால் கொடுக்கிறோம். இப்படி டாக்டரைக் கேளாமல் கொடுக்கக் கொடுக்க, பலமில்லாத கிருமி சாகும். மருந்தைத் தாங்கும் கிருமி மிஞ்சிப் பெருகும். அது மலத்தோடு போய்த் தண்ணியில் சேரும். ஒரு குளிசையும் விழுங்காத பிள்ளையின் வயிற்றுக்கும் அது வரலாம்.

இது சும்மா வெருட்டுகிற கதை இல்லை. புது டில்லித் தண்ணியைச் சோதித்த முடிவு 2011இல் வெளியானது. குழாய்த் தண்ணி 50 மாதிரிகளில் 2இலும், தெருவில் தேங்கிய, கசிந்த தண்ணி 171 மாதிரிகளில் 51இலும் என்.டி.எம்-1 என்ற மரபணு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஏற்றும் பலத்த மருந்தையும் எதிர்த்து நிற்கும் சக்தியை அது கிருமிக்குக் கொடுக்கும். ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்கும் தாவும்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். மருந்துக்குச் சாகாத கிருமியும் கொதி தண்ணியில் செத்துப்போகும்.

விறகுக்கு நீங்கள் படும் கஷ்டம் எனக்குத் தெரியும். ராச்சாப்பாடு இறக்கின கையோடு அதே அடுப்பில் ஒரு கேத்தல் வையுங்கள். பொங்கிக் கொதித்தபின் 3 நிமிடம் விட்டு, ஆறவைத்து மூடி வையுங்கள். வயிற்றோட்டத்துக்கு முதலில் ஜீவனி கரைத்துக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சோர்வு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டரின் துண்டு இல்லாமல் அன்டிபயோட்டிக் வாங்காதீர்கள். மிச்சக் குளிசையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.

பீலிக்கு மேலே மலசலகூடம் உடைந்திருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். துரையிடம் போய்ப் பேசுவது என் வேலை. கேத்தலை அடுப்பில் வைப்பது உங்கள் வேலை.